அரசரடியா, பெங்களூரா, பல்கலைக்கழகமா? இறையியல் மேற்படிப்புக்குப் போகுமுன்

"டிகிரி முடிச்சிட்டேன் ஐயா, இறையியல் படிக்கலாம்னு இருக்கேன். எந்த செமினரி நல்லது?" என்று கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. "படிச்சு முடிச்சதும் உன்னை யார் வேலைக்கு வைக்கப்போறாங்க தம்பி?" என்று திருப்பிக் கேட்பேன். சிலருக்கு முகம் சுருங்கிவிடும். அழைப்பைப் பற்றிப் பேச வந்தால் இவர் பிழைப்பைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைப்பார்கள். ஆனால் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

பொறியியலில் கல்லூரியை முதலில் பிடித்துவிட்டு வேலையை அப்புறம் தேடலாம். இறையியலில் வரிசை தலைகீழ். உங்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கப்போகிற சபை எந்தப் பட்டத்தை ஏற்கிறதோ, அதைத்தான் படித்தாக வேண்டும். தென்னிந்தியத் திருச்சபையும் (சி.எஸ்.ஐ.) தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும், பல சபைகளின் கல்லூரிகளுக்கு இறையியல் பட்டம் வழங்கும் செராம்பூர் செனட்டின் பட்டத்தை எதிர்பார்க்கும். தனித்து இயங்கும் பெந்தெகொஸ்தே சபைகளில் பல, பட்டத்தைப் பெரிதாகவே பார்ப்பதில்லை. பிரசங்க வரமும் ஜெப வாழ்க்கையும் இருந்தால் போதும். கலை அறிவியல் கல்லூரியில் பேராசிரியராக வேண்டும் என்றால் பல்கலைக்கழகச் சான்றிதழ் இல்லாமல் வாசல் திறக்காது. மூன்றும் மூன்று பாதைகள். ஒன்றில் பாதி தூரம் நடந்துவிட்டு அடுத்ததற்குத் தாவினால் ஆண்டுகள்தான் வீணாகும்.

நான் தமிழ்வழியில் பி.டி.யும் (முதல் இறையியல் பட்டம்) ஆங்கிலவழியில் எம்.டிஎச்.சும் (இறையியல் முதுநிலைப் பட்டம்) படித்தவன். அதனால் எனக்கென்று ஒரு சாய்வு உண்டு; அது போகப் போகத் தெரியும். கத்தோலிக்கக் குருத்துவப் பயிற்சியை இங்கே சேர்க்கவில்லை. அங்கே மறைமாவட்டமோ துறவற சபையோ ஒருவரைச் சேர்த்துக்கொண்ட பிறகு, மெய்யியலை எங்கே படிப்பது, இறையியலை எங்கே படிப்பது என்பதை அவர்களே முடிவு செய்துவிடுவார்கள். மாணவர் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்க அதிகம் இல்லை.

பி.டி. என்ற பட்டம்

முதலில் ஒரு குழப்பம். பி.டி. பெயரளவில் இளநிலைப் பட்டம். ஆனால் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். என்று ஏதாவது ஒன்றை முடித்தவர்கள் மேற்கொண்டு நான்கு ஆண்டுகள் படிப்பது அது. (பக்கத்து வீட்டில் சொன்னால், "பி.டி.யா, ஸ்கூல்ல விளையாட்டு வாத்தியாரா போறியா?" என்பார்கள். பழகிக்கொள்ளுங்கள்.) அமெரிக்க செமினரிகளிலும் இந்தப் பட்டம் ஒரு காலத்தில் பி.டி.யாகத்தான் இருந்தது. 1970-ஐ ஒட்டி அவர்கள் எம்.டிவ். (மாஸ்டர் ஆஃப் டிவினிட்டி) என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள், நாம் மாற்றவில்லை. அதனால் எம்.டிவ். பெரிய படிப்பு, பி.டி. சின்னப் படிப்பு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்தப் பட்டத்தைக் கொடுக்கும் செராம்பூருக்கு ஒரு தனி வரலாறு உண்டு. கல்கத்தாவுக்குப் பக்கத்தில், ஹூக்ளிக் கரையில், அன்று டேனிஷ்காரர்கள் கையில் இருந்த ஊர் அது. வில்லியம் கேரி, ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு மூவரும் 1818-இல் அங்கே கல்லூரியைத் தொடங்கினார்கள். பட்டம் வழங்கும் உரிமை 1827-இல் டென்மார்க் அரசர் ஆறாம் பிரடெரிக்கின் பட்டயத்தால் வந்தது. 1918-இல் வங்காளச் சட்டமன்றம் ஒரு தனிச் சட்டமே இயற்றியது. அதன் கீழ் இயங்கும் செனட்தான் இன்று இந்தியாவின் பல சபைகளுடைய இறையியல் கல்லூரிகளை இணைத்து வைத்திருக்கிறது. அதே வளாகத்தில் பி.ஏ., பி.எஸ்சி. படிக்கிறவர்களுக்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகம் பட்டம் கொடுக்கிறது, இறையியலுக்கு மட்டும் செனட். பட்டமளிப்பு விழாவும் ஒரே இடத்தில் நடப்பதில்லை. ஆண்டுக்கு ஓர் இணைப்புக் கல்லூரி அதை ஏற்று நடத்தும்.

சரி, இந்தப் பட்டம் எங்கே செல்லும்? சபைகளுக்குள் எங்கும் செல்லும். வெளிநாட்டு இறையியல் கல்லூரிகளும் நன்றாக அறிந்த பட்டம். உள்ளூர் அரசு வேலைக்கோ, அரசு உதவி பெறும் கல்லூரியில் ஆசிரியர் பணிக்கோ இதை மட்டும் நம்பிப் போகக்கூடாது. செராம்பூர்ப் பட்டத்தை வைத்து முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய நினைத்தால், எந்தப் பல்கலைக்கழகம் என்று முதலிலேயே முடிவு செய்து, இது தங்கள் பட்டத்துக்குச் சமம் என்று இணைச் சான்று தருவார்களா என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாக "ஏத்துக்குவாங்க தம்பி" என்று சொல்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

மதுரைக்கும் பெங்களூருக்கும் நடுவே

தமிழ்நாட்டிலிருந்து போகிற ஒரு தென்னிந்தியத் திருச்சபைப் பிள்ளைக்குப் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் மனம் ஊசலாடும்: மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி, பெங்களூர் மில்லர்ஸ் சாலையில் உள்ள ஐக்கிய இறையியல் கல்லூரி. இரண்டும் செராம்பூருடன் இணைந்தவை. பெங்களூர்க் கல்லூரி 1910-இல் தொடங்கியது. அதன் முதல் முதல்வரான டேனிஷ்காரர் லார்சன், பின்னாளில் தமிழ் வேதாகமத் திருத்தப் பணியில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர். மதுரைக் கல்லூரி 1969-இல் உருவானது. நாசரேத்துக்குப் பக்கத்தில் திருமறையூரில் இருந்த கல்லூரியும் லுத்தரன்களின் தமிழ்வழிப் பயிற்சியும் அதில் ஒன்றாய்ச் சேர்ந்தன.

பெங்களூர் என்றால் வீட்டில் மரியாதை கூடும், இல்லை என்று சொல்ல மாட்டேன். நாகாலாந்து, மிசோரம், ஆந்திரா, கேரளம் என்று எல்லா ஊர்ப் பிள்ளைகளோடும் ஒரே மேசையில் சாப்பிட்டு வாதாடுவதே தனிப் படிப்பு. நூலகம் பெரியது. அங்குள்ள ஆவணக் காப்பகத்தில் பழைய மிஷனெரிகளின் கடிதங்களும் அறிக்கைகளும் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கவே வெளிநாட்டு ஆய்வாளர்கள் வருவார்கள். வகுப்பு, தேர்வு, கட்டுரை எல்லாம் ஆங்கிலத்தில். பிற்பாடு எம்.டிஎச்., டி.டிஎச். (இறையியல் முனைவர் பட்டம்) என்று போய் இறையியல் ஆசிரியராக வேண்டும் என்கிறவருக்கு அந்த நான்கு ஆண்டு ஆங்கிலப் பழக்கம் முதலீடு.

ஆனால் சேகர குருவாக, அதாவது ஊர்ச் சபைகளைக் கவனிக்கும் ஆயராக, வரப்போகிறவருக்கு? இங்கேதான் என் சாய்வு. ஓர் ஆயர் ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்வது தமிழில். சாவு வீட்டில் பேசுவது தமிழில். சேகரக் குழுவில் கல்லறைத் தோட்டத்து இடத் தகராறைத் தீர்ப்பதும் தமிழில். நான்கு ஆண்டுகள் கிருபையையும் மீட்பையும் ஆங்கிலத்தில் மட்டுமே யோசித்துவிட்டு வருகிறவர், முதல் ஆண்டில் பிரசங்கப் பீடத்தில் படுகிற பாட்டை நான் பார்த்திருக்கிறேன். தலைக்குள் நல்ல சரக்கு இருக்கும், வாய்க்கு வராது. கடைசியில் யூடியூபில் கேட்ட பிரசங்கத்தின் நடையைப் பிடித்துக்கொள்வார். படித்த படிப்பு அலமாரியில் உட்கார்ந்துவிடும்.

அரசரடியில் பி.டி. படிப்பைத் தமிழில் படிக்கலாம். பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருப்பது போல் ஏராளமாகத் தமிழில் கிடைக்காது, அது உண்மையான குறைதான். மூன்றாம் ஆண்டில் ஒரு பாடத்துக்குத் தமிழில் ஒன்றிரண்டு நூல்கள்தான் தேறும், மீதி ஆசிரியரின் குறிப்புகள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாமல் போனால் திணறுவீர்கள். தமிழ்வழி என்பதை ஆங்கிலத்துக்கு விடுமுறை என்று எடுத்துக்கொண்டவர்கள் எம்.டிஎச். வாசலில் நின்றுவிட்டார்கள். ஆனால் ஒரு கருத்தைச் சொந்த மொழியில் யோசித்து, ஊர்ச் சபையில் வெளிப்படுத்தி, திட்டு வாங்கி, திருத்திக்கொள்ளும் பழக்கம் அங்கே வரும்.

அந்தக் கல்லூரிக்கு இன்னொரு முகமும் உண்டு. தியோபிலஸ் அப்பாவு, எல்லாருக்கும் 'பறட்டை அண்ணன்', அங்கே ஆசிரியராக இருந்தவர். ஆலயத்தில் ஆர்மோனியத்தோடும் கீர்த்தனையோடும் மட்டுமே பாடிக்கொண்டிருந்த காலத்தில், நாட்டுப்புற மெட்டிலும் பேச்சுத் தமிழிலும் பாட்டுக் கட்டி, ஆராதனை முறையையே எழுதியவர். எல்லாரும் ஒரே உலையில் சமைத்துப் பகிர்ந்து உண்பதைத் திருவிருந்தின் உள்ளர்த்தமாக அவர் வைத்தார். சாதியை விட்டுவிட்டுச் சபையைப் பற்றிப் பேச முடியாது என்ற உறுதி அதில் இருந்தது. 2005-இல் அவர் இறந்துவிட்டார். ஆனால் அந்தக் கல்லூரியில் படித்த ஆயர்கள் இருக்கும் ஊர்களில் அவர் பாட்டு இன்னும் கேட்கும். இந்த அரசியல் உங்களுக்கு ஒத்துவருமா என்று சேருமுன் யோசித்துக்கொள்ளுங்கள். "ஜெபம் பண்ண வந்தேன், சமூகப் பகுப்பாய்வு நடத்துறாங்க" என்று முதல் பருவத்திலேயே புலம்புகிறவர்களும் உண்டு.

பெங்களூரும் இதற்கு வெளியே இல்லை. 1981-இல் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அர்விந்த் நிர்மல் ஆற்றிய உரையைத்தான், ஒடுக்கப்பட்டவர்களின் அனுபவத்திலிருந்து விசுவாசத்தைப் பேசும் தலித் இறையியலின் தொடக்கமாகச் சொல்வார்கள். பிறகு அவர் சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் தலித் இறையியல் துறைக்குத் தலைமை ஏற்றார். குருகுல், மூன்றாவது வாய்ப்பு. ஆங்கிலவழி வேண்டும், ஊரை விட்டுத் தூரம் போகவும் வேண்டாம் என்கிறவர்களுக்கு அது பொருந்தும். எம்.டிஎச்., டி.டிஎச். வரை அங்கேயே போகலாம். லுத்தரன்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

இலங்கைத் தமிழர்கள் யாராவது இதை வாசித்தால்: கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் உள்ள இலங்கை இறையியல் கல்லூரி 1963-இல் பல சபைகள் சேர்ந்து தொடங்கியது. அதுவும் செராம்பூர் இணைப்புதான். தமிழிலும் சிங்களத்திலும் கற்பிக்கிறார்கள். மதுரைக்கு வருவதற்கு முன் அதைப் பாருங்கள்.

நோவாவின் பேழையும் கலர் பென்சிலும்

செராம்பூர்க் கல்லூரிக்கும், வேதாகமத்தின் அதிகாரத்தை அழுத்திச் சொல்லும் சுவிசேஷக (இவாஞ்சலிக்கல்) செமினரிக்கும் வித்தியாசம் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் ஆதியாகமம் ஆறு முதல் எட்டு வரையுள்ள அதிகாரங்களை எடுத்துக் காட்டுவேன். வீட்டில் இருக்கும் பழைய தமிழ் வேதாகமத்திலேயே செய்து பார்க்கலாம். இரண்டு கலர் பென்சில் போதும். 'தேவன்' என்று வரும் இடத்தில் ஒரு நிறம், 'கர்த்தர்' என்று வரும் இடத்தில் இன்னொரு நிறம். அப்புறம் எண்களைப் பாருங்கள். 6:19-இல் சகலவித மாம்சமான ஜீவன்களிலும் ஒரு ஜோடி. 7:2-இல் சுத்தமான மிருகங்களில் ஏழேழு ஜோடி. 7:17-இல் ஜலப்பிரளயம் நாற்பது நாள். 7:24-இல் ஜலம் பூமியை மூடியிருந்தது நூற்றைம்பது நாள். ஒரு ஜோடி என்று சொல்கிற இடத்தில் 'தேவன்', ஏழேழு என்று சொல்கிற இடத்தில் 'கர்த்தர்'.

செராம்பூர்ப் பாடத்திட்டத்தில் பழைய ஏற்பாட்டு வகுப்பு இதை இரண்டு மரபுகள் ஒன்றாகப் பின்னப்பட்டதாக விளக்கும். மோசே ஒரே மூச்சில் எழுதினார் என்று ஞாயிறு பள்ளியில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது சாதாரண அதிர்ச்சி இல்லை. சிலர் ராத்திரி தூங்க மாட்டார்கள். ஹாஸ்டலில் சீனியர் வந்து, "முதல் வருஷம் எல்லாருக்கும் இப்படித்தான், பயப்படாதே" என்று டீ வாங்கித் தருவார். சிலர் அந்த அதிர்ச்சியில் இருந்து வேதாகமத்தை இன்னும் ஆழமாக வாசிக்கிற பழக்கத்துக்குப் போகிறார்கள். சிலர் தேர்வுத்தாளில் ஒன்று எழுதிவிட்டு, பிரசங்கப் பீடத்தில் வேறொன்று பேசக் கற்றுக்கொள்கிறார்கள். இந்த இரண்டாவது வகையைத்தான் நான் அதிகம் கண்டு வருந்துகிறேன்.

சுவிசேஷக செமினரியிலும் இதே பகுதியைப் படிப்பார்கள், மூடி மறைக்க மாட்டார்கள். இரண்டு மரபு என்ற கோட்பாட்டைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, மறுபக்க வாதத்தையும் வைப்பார்கள்: ஏழு நாள் காத்திருப்பு, நாற்பது, நூற்றைம்பது என்று கதை ஏறிப் போகிறது, 8:1-இல் 'தேவன் நோவாவை நினைத்தருளினார்' என்ற இடத்தில் திரும்புகிறது, மறுபடி நூற்றைம்பது, நாற்பது, ஏழு என்று இறங்குகிறது. இத்தனை கட்டுக்கோப்பான கதையைத் துண்டு போட வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. நல்ல கேள்வியும்தான். இரண்டு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்லிக் கொடுக்கிற ஆசிரியர் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். பெயர்ப் பலகையை மட்டும் பார்க்காதீர்கள்.

பெங்களூர் கொத்தனூரில் உள்ள சாயாக்ஸ் இந்த வகையில் தெரிந்த பெயர். பட்டமேற்படிப்புக்கென்றே உருவான நிறுவனம். ஆய்வு எழுதப் பழக நல்ல இடம் என்று அங்கே படித்தவர்கள் சொல்வார்கள். இத்தகைய செமினரிகள் பலவும் ஆசிய இறையியல் சங்கத்தின் தரச்சான்றைப் பெற்றவை. இந்தச் சான்று கல்விப் பொறுப்பைக் காட்டுவது, அரசு ஏற்பு ஆகாது. எம்.டிவ். மூன்று ஆண்டு என்பதால் பி.டி.யை விட ஓர் ஆண்டு மிச்சம் என்று கணக்குப் போட்டுப் போகிற தென்னிந்தியத் திருச்சபைப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: படித்து முடித்து வந்து குருப்பட்டம் கேட்டால், "செராம்பூர் இல்லையே" என்று திருமண்டல (பேராயரின் கீழ் உள்ள சபை மாவட்டம்) அலுவலகத்தில் சொல்லிவிட்டால் என்ன செய்வீர்கள்? முதலிலேயே கேளுங்கள்.

மனம் சுவிசேஷகப் பக்கம், சபை தென்னிந்தியத் திருச்சபை என்று இழுபறியில் இருப்பவர்களுக்குப் பூனாவின் யூனியன் பிப்ளிக்கல் செமினரி இருக்கிறது. யவத்மாலில் தொடங்கி 1983-இல் பூனாவுக்கு வந்தது. சுவிசேஷகப் பிடிப்பும் செராம்பூர்ப் பட்டமும் அங்கே ஒன்றாய்க் கிடைக்கும். ஏனோ தமிழ்நாட்டில் இதை யோசிப்பவர்கள் குறைவு. மராத்தி பேசும் ஊர், சப்பாத்தி மெஸ் என்று பயந்துவிடுகிறார்களோ என்னவோ.

பல்கலைக்கழக எம்.ஏ.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறித்தவ ஆய்வியல் துறை இருக்கிறது. அங்கே எம்.ஏ. படிக்கலாம், முனைவர் பட்டமும் செய்யலாம். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் சேரலாம். இது பல்கலைக்கழகப் பட்டம் என்பதால் சான்றிதழ்ப் பிரச்சினை வராது; கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் சமய ஒப்பாய்வு என்று ஒரு பாடமே இருக்கிறது. கட்டணமும் செமினரியின் விடுதியும் மெஸ்ஸும் சேர்ந்த செலவோடு ஒப்பிட்டால் இலகு.

ஆனால் இந்த எம்.ஏ.வை வைத்துக்கொண்டு குருப்பட்டம் கேட்டுப் போக முடியாது. எபிரேயமும் கிரேக்கமும் செமினரி அளவுக்கு வராது. ஞாயிறுதோறும் ஒரு சபைக்கு அனுப்பிப் பழக்குவதும் இருக்காது. சமயங்களைப் பற்றி எழுத வேண்டும், பத்திரிகைத் துறைக்கோ ஆய்வுக்கோ போக வேண்டும், விசுவாசத்தை வெளியே நின்றும் பார்க்கத் துணிவு வேண்டும் என்கிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டு, ஓய்வுக்குப் பிறகு சபையில் போதிக்க நினைக்கும் அக்காமார்கள் சிலருக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

வேலையை விட முடியாதவர்களுக்கு அஞ்சல்வழிப் படிப்பும் உண்டு. செராம்பூர் செனட் கிறிஸ்தவ ஆய்வியலில் டிப்ளமாவும் இளநிலைப் பட்டமும் வெளி மாணவர்களுக்குத் தருகிறது. பெங்களூரின் டாஃப்டீ நிறுவனம் விரிவாக்க முறையில் இறையியல் கற்பிக்கிறது. ஆயராகும் வழி இது ஆகாது. வேதாகம ஆய்வுக் கூட்டம் நடத்துகிறவர்களுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் தாராளமாகப் போதும்.

கடல் கடந்து போவது

பிரின்ஸ்டன், எடின்பரோ, ஃபுல்லர் என்று பெயர்களைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்கு என் பதில் சுருக்கம்: முதல் இறையியல் பட்டத்தை இங்கே படியுங்கள், இரண்டாவதற்குப் போங்கள். பி.டி. முடித்தவர் பிரின்ஸ்டனிலோ எடின்பரோவின் நியூ காலேஜிலோ ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். நேரே அங்கே மூன்று ஆண்டு எம்.டிவ். படித்தால், செலவு போக, அங்கத்திய ஊழியச் சூழலுக்குத் தயாராகிவிட்டு இங்கே வந்து புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். பலர் திரும்பி வருவதில்லை என்பதும் தெரிந்ததுதான். ஆராய்ச்சிப் படிப்புக்கு உதவித்தொகை தரும் அமைப்புகள் உண்டு. முனைவர் பட்டத்துக்கு லாங்ஹாம் அவற்றில் ஒன்று.

ஒரே ஒரு துறையில் மட்டும் வெளிநாடு போவது தவிர்க்க முடியாதது: சபை வரலாறு. நம் சபைகளின் பழைய காகிதங்களில் பெரும்பகுதி நம்மிடம் இல்லை. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க் முதல் அந்த மிஷன் எழுதிய கடிதங்களும், தமிழ் ஓலைச்சுவடிகள்கூட, ஜெர்மனியின் ஹாலே நகரில் ஃபிராங்கே நிறுவனத்தில் இருக்கின்றன. லண்டன் மிஷனின் ஆவணங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் நூலகத்தில், சர்ச் மிஷனெரி சங்கத்தினுடையவை பர்மிங்காமில், அமெரிக்கன் மதுரை மிஷனின் காகிதங்கள் ஹார்வர்டில். திருநெல்வேலிச் சபையின் கதையை எழுத இங்கிலாந்துக்கு விமானம் ஏற வேண்டும் என்றால் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது. இந்தத் துறையில் ஆய்வு செய்ய ஆசைப்படுகிறவர்கள் பி.டி. காலத்திலேயே கொஞ்சம் ஜெர்மன் படித்து வைத்தால் பிறகு உதவும்.

யார் அனுப்புகிறார்கள்

கல்லூரியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். திருமண்டலம் ஸ்பான்சர் செய்து அனுப்புகிற மாணவராகப் போகிறீர்களா, சொந்தச் செலவில் தனி மாணவராகப் போகிறீர்களா என்பது கல்லூரியின் பெயரை விடப் பெரிய விஷயம். ஸ்பான்சர் கிடைத்தால் செலவில் ஒரு பகுதியைத் திருமண்டலம் ஏற்கும், முடிந்ததும் உதவி குருவாக எடுத்துக்கொள்ளும் பொறுப்பும் அவர்களுக்கு வரும். சேகர குருவின் பரிந்துரை, சேகரக் குழுத் தீர்மானம், அப்புறம் பேராயர் முன் நேர்காணல் என்று படிப்படியாக இது நடக்கும். தனி மாணவருக்கு இந்தத் தடைகள் இல்லை, உத்தரவாதமும் இல்லை. நான்கு ஆண்டு படித்து, அங்கி தைத்து வைத்துக்கொண்டு, இடம் வராமல் பள்ளியில் மாரல் சயின்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

ஸ்பான்சர் கடிதம் கையில் இருந்தாலும் நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. திருமண்டலத் தேர்தலில் அணி மாறினால் முந்தைய அணி அனுப்பிய பிள்ளைகளின் கோப்பு அடியில் போய்விடுவதைக் கண்ணால் பார்த்தவன் நான். என்னோடு படித்த ஒரு தம்பி, குருப்பட்டத்துக்குக் காத்துக் காத்து, கடைசியில் வேறு மாநிலத்தில் ஒரு மருத்துவமனைச் சிற்றாலயத்தில் ஆற்றுப்படுத்துநராகச் சேர்ந்துவிட்டார். அங்கே நன்றாகவே இருக்கிறார். அதனால் எம்.டிஎச்.சில் மேய்ப்புப் பணியும் ஆற்றுப்படுத்தலும் எடுப்பதை நான் அசட்டை செய்வதில்லை. ஆலயத்துக்கு வெளியேயும் அதற்கு வேலை உண்டு. பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு எடுத்தவர்களுக்குக் கற்பிக்கும் இடங்கள் மட்டும்தான், அவையும் கொஞ்சம்.

பெண் பிள்ளைகள் இன்னும் ஒரு கேள்வி சேர்த்துக் கேட்க வேண்டும். தென்னிந்தியத் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கிறது. ஆனால் கொடுக்கலாம் என்ற விதிக்கும் உங்கள் திருமண்டலம் கடைசியாக எப்போது ஒரு பெண்ணை அனுப்பியது என்ற நடப்புக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கலாம். பி.டி. முடித்த பெண்ணைச் சேகரத்துக்கு அனுப்பாமல் விடுதிப் பொறுப்பிலோ பெண்கள் ஐக்கிய சங்க வேலையிலோ வைத்துவிடுவது வழக்கமாகிப் போன இடங்கள் உண்டு. "ஆயரம்மா" என்றால் ஆயரின் மனைவி என்றே இன்னும் பலருக்கு நினைப்பு. தனித்து இயங்கும் சபைகளில் பலவற்றில் இந்தப் பேச்சே எடுக்க முடியாது. ஏற்கெனவே படித்து முடித்த ஒரு அக்காவைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். விளம்பரத் துண்டுத்தாளில் எழுதாததை அவர் சொல்வார்.

திருமணமானவர்கள் குடும்பக் குடியிருப்பு இருக்கிறதா என்று கேட்காமல் விண்ணப்பம் போட வேண்டாம். பெரும்பாலான கல்லூரிகளில் வீடுகள் குறைவு, வரிசை நீளம். மனைவி வேலை பார்க்கிறவர் என்றால் மதுரையும் சென்னையும் பெங்களூரும் ஒரே கணக்கில் வராது.

நுழைவுத் தேர்வும் நேர்காணலும் பெரும்பாலும் ஆண்டின் முதல் மாதங்களில் முடிந்துவிடும், வகுப்பு ஜூனை ஒட்டித் தொடங்கும். வேதாகம அறிவு, பொது அறிவு, கொஞ்சம் ஆங்கிலம் என்று தேர்வு இருக்கும். சேகரக் குழுத் தீர்மானம் கூட்டம் கூடினால்தான் கிடைக்கும். கிறிஸ்துமஸ் நேரத்தில் யாரும் கூட மாட்டார்கள். ஆகவே அக்டோபரிலேயே உங்கள் சேகர குருவைப் போய்ப் பாருங்கள். முடிந்தால் விண்ணப்பத்துக்கு முன் ஒரு வாரநாளில் அந்தக் கல்லூரிக்கே போய், காலை ஆராதனையில் உட்கார்ந்து, மெஸ்ஸில் மாணவர்களோடு ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வாருங்கள். போன ஆண்டு படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அங்கே கேளுங்கள்.